முந்நூறு, ஓம்

ஜெர்மனியின் ஆஹென் நகரில் நான் இருந்த ஆறு ஆண்டுகளில் ஒரே ஒருமுறை ஒரு நாட்டையே ஊமையாக்கப் பார்த்தேன். சின்ன நாடுதான். இந்தியப் பெருங்கடலில், நல்ல வரைபடமாக இருந்தால் மட்டும் கண்ணுக்குத் தெரிகிற தீவுக் கூட்டம். பெயரை எழுதப்போவதில்லை. அங்கே என்மேல் நல்ல அபிப்பிராயம் இருப்பதாகக் கேள்வி. அதை நானே ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும்?

எழுபதுகளின் தொடக்கம். பாளையங்கோட்டையில் பிறந்து, சென்னையில் பொறியியல் படித்து, உதவித்தொகையில் ஜெர்மனிக்கு வந்து, ஆன்டெனா ஆய்வகம் ஒன்றில் முனைவர் பட்டத்துக்கு உழைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஆய்வகத்தில் நான் ஒருத்திதான் பெண், நான் ஒருத்திதான் இந்தியர். வாய்த்துடுக்கும் எனக்குத்தான் அதிகம். ஒரு ஜூலை மாதம் பேராசிரியர் கூப்பிட்டு அனுப்பினார். ஜெர்மனி அந்தத் தீவு நாட்டுக்கு ஒரு பழைய வானொலி டிரான்ஸ்மிட்டரை உதவியாகக் கொடுக்கிறதாம். அதை இயக்கக் கற்றுக்கொண்டு, கப்பலில் ஏற்றி அனுப்ப அங்கிருந்து ஒரு பொறியாளர் வந்திருக்கிறாராம்.

"அவர் உங்கள் மொழி பேசுகிறவர். அதனால் ஒரு குழப்பமும் வராது" என்றார் பேராசிரியர். நல்ல மனிதர். பின்னால் வந்த குழப்பம் முழுக்க அந்த ஒரே மொழியால்தான் வந்தது என்று அவரிடம் சொல்ல எனக்குக் கடைசிவரை மனம் வரவில்லை.

வந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். அந்தத் தீவில் எட்டு ஆண்டுகளாக வேலை. நாற்பது வயது இருக்கும். ஒல்லியான ஆள், ஜூலை மாதத்தில் இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தார்.

"சார், நீங்க சிலோனா?" என்றேன்.

"ஓம்."

"காபி சாப்பிடுறீங்களா?"

"ஓம்."

"ரொம்பக் குளிருதோ?"

"ஓம், ஓம். கடுமையாக் குளிருது."

மின்தடையை அளக்கும் அலகின் பெயரும் ஓம். நாள் முழுக்க ஓம் ஓமாக எழுதித் தள்ளுகிறவள் நான். சும்மா இருப்பேனா? "என்ன சார், எதைக் கேட்டாலும் ஓம்ங்கிறீங்க. நீங்க என்ன ரெசிஸ்டரா?" என்று கேட்டுவிட்டு நானே சிரித்தேன். அவரும் மரியாதைக்குச் சிரித்தார். எங்கள் பக்கத்து ஆட்கள் எத்தனை பேர் அதையே அவரிடம் கேட்டிருப்பார்களோ தெரியாது. "சார் எண்டு கூப்பிடாதேங்கோ. அண்ணை எண்டு சொல்லுங்கோ" என்றார். எனக்கு அது 'அண்ணே' என்றுதான் வந்தது. நான் அவருக்கு 'தங்கச்சி' ஆனேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவரை என் அறைக்குச் சாப்பிட அழைத்தேன். என்னிடம் இருந்தது ஒற்றை மின்னடுப்பு. சோறு இறங்கினால்தான் குழம்பு ஏறும். கீழ்வீட்டுக்காரரையும் கூப்பிட்டிருந்தேன். அவர் டிராம் கண்டக்டர், ஐம்பதை நெருங்கிய தனி ஆள். விடியற்கால ஷிப்ட் முடிந்து மதியமே வீட்டுக்கு வந்துவிடுவார். மிச்சப் பொழுதெல்லாம் சமையலறையில் சிற்றலை வானொலியின் முன்னால் கழியும். உலகத்தின் சின்னஞ்சிறு நாடுகளின் நிலையங்களைப் பிடித்துக் கேட்பது அவருடைய பைத்தியம். பெரிய நாட்டு நிலையங்களை அவருக்குப் பிடிக்காது. "அவர்கள் கத்துகிறார்கள், யாருக்குத்தான் கேட்காது?" என்பார்.

ஒரு நிலையம் காதில் விழுந்தால் என்ன கேட்டது, எத்தனை மணி எத்தனை நிமிடத்தில் கேட்டது என்று நோட்டில் குறிப்பார். அதை அந்த நிலையத்துக்கே கடிதமாக எழுதுவார். அவர்கள் சரிபார்த்து, ஆமாம், நீங்கள் கேட்டது எங்களைத்தான் என்று ஓர் அட்டை அனுப்புவார்கள். அவருடைய சமையலறைச் சுவர் முழுக்க அந்த அட்டைகள். பள்ளிக்கூடத்தின் ஒரு வகுப்பறையில் தொடங்கிய நிலையம், சுங்கக் கொட்டகைக்குள் நடக்கிற நிலையம், போரின்போது சிப்பாய்கள் விட்டுப்போன கருவியைப் பாதிரியார் ஒருவர் தட்டிக்கொட்டி ஓடவைத்த நிலையம். ஆண்ட துரைகள் தங்கள் ஊர்ச் செய்தி கேட்பதற்கென்று வைத்துவிட்டுப் போனதில் இப்போது மீன் விலை சொல்கிற நிலையமும் உண்டு. "இந்த நாட்டுக்கு ரயில் இல்லை, ராணுவம் இல்லை. ஆனால் தினமும் இரண்டு மணி நேரம் பேசுகிறது" என்று ஓர் அட்டையைக் காட்டி என்னிடம் சொல்லியிருக்கிறார். சொல்லும்போது குழந்தை நடக்கத் தொடங்கியதைச் சொல்கிற தகப்பன்போல அவர் முகம் இருக்கும்.

அண்ணையின் நாட்டுப் பெயரைக் கேட்டதும் மனிதர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். ஆறு வருடத்துக்கு முன்னால் அந்த நிலையம் அவருக்குப் பதினொரு நிமிடம் கேட்டதாம். கடிதம் போட்டாராம். பதிலே இல்லையாம்.

அண்ணை கூச்சத்தோடு என்னைப் பார்த்தார். "அந்தக் கடிதம் என்ரை மேசை லாச்சிக்குள்ளை கிடக்குது தங்கச்சி. எங்களிட்டை அட்டை எண்டு ஒண்டு இல்லை. எங்கட நிலையம் தபால் கந்தோரிலை ஒரு மூலை. தபால் அதிபர்தான் செய்தி வாசிக்கிறவர். கந்தோர் பூட்டின பிறகுதான் நாங்கள் துவங்கிறது. மழை பெய்தால் தகரத்திலை விழுகிற சத்தம்தான் கனக்கக் கேக்கும்."

நான் ஜெர்மனில் சொல்லச் சொல்ல, கண்டக்டர் பரவசமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். மழைச் சத்தம் தனக்கும் கேட்டதாகவும், அதை இரைச்சல் என்று குறித்துவிட்டதாகவும் சொன்னார்.

பிறகுதான் அண்ணை உண்மையான விஷயத்துக்கு வந்தார். தீவில் ஏற்கெனவே இருந்த டிரான்ஸ்மிட்டர் உயிரை விட்டுவிட்டது. பக்கத்துப் பெரிய நாடு, எங்கள் நிகழ்ச்சியையே வாங்கி மறு ஒலிபரப்பு செய்யுங்கள், உங்களுக்கு எதற்கு இந்தச் சிரமம் என்கிறது. அமைச்சருக்கும் அதில் ஆசைதான்.

"புதுசு வந்து ஒரு மாதம் நிக்காமல் ஓடவேணுமாம். ஓடினால் எங்களை வைச்சிருப்பினம். இல்லாட்டில் பூட்டிப்போடுவினம்."

"அதனால என்ன அண்ணே? பெரிய ஸ்டேஷன்னா பாட்டாவது நல்லா இருக்குமே" என்றேன். என் வாய் அப்படி.

"பாட்டு இருக்கும் தங்கச்சி. எங்கட கடலிலை காத்து எந்தப் பக்கத்தாலை அடிக்குது எண்டு அவங்களுக்கு என்ன கவலை? இரவு எட்டு மணிக்கு நாங்கள் காத்து நிலவரம் சொன்னால்தான் தூரத் தீவுச் சனம் விடிய வள்ளம் இறக்கும். அங்கை டெலிபோன் இல்லை. பழசு பழுதாப்போன கிழமை ரெண்டு வள்ளம் திரும்பி வரேல்லை."

வெட்கமாக இருந்தது. இந்த மனிதருக்கு என்னால் ஆன எதையும் செய்வேன் என்று அந்த மேசையில் உட்கார்ந்தே முடிவு செய்தேன்.

என் பங்கு வேலை ஒரு பெட்டி. டிரான்ஸ்மிட்டரின் சக்தி இரண்டு கம்பிகள் வழியாக வெளியே ஆன்டெனாவுக்குப் போகும். அந்தக் கம்பி ஜோடிக்கு இத்தனை ஓம் என்று ஒரு கணக்கு உண்டு. கம்பியின் தடிமனும் இரண்டு கம்பிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியும்தான் அதைத் தீர்மானிக்கும். டிரான்ஸ்மிட்டரின் கணக்கு வேறு. இரண்டுக்கும் நடுவில் செப்புச் சுருள்கள் உள்ள ஒரு பெட்டியை வைத்துப் பொருத்த வேண்டும். பொருத்தம் தப்பினால் போன சக்தியில் ஒரு பங்கு திரும்பி வந்து கருவியைச் சுடவைக்கும். தீவில் இருக்கிற கம்பி எத்தனை ஓம் என்று தெரிந்தால் ஒரு வாரத்தில் பெட்டியை முடித்துவிடுவேன். ஆனால் அந்தக் கம்பியை இழுத்தவர் அண்ணைக்கு முன்னால் இருந்தவர். ஊருக்கு எழுதிக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, கருவியைப் பொதி கட்ட அவர் ஹம்பர்க் துறைமுகத்துக்குப் போனார்.

ஆகஸ்டில் ஒருநாள் காலை அங்கிருந்து தொலைபேசி வந்தது. கப்பலுக்குப் பத்து நாள்தான் பாக்கி. சூயஸ் கால்வாய் மூடிக் கிடந்த காலம், ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் போக வேண்டும், இதை விட்டால் அடுத்த கப்பல் எப்போதோ. அவர் பின்னால் கிரேன்கள் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தன.

"தங்கச்சி, தந்தி வந்திட்டுது!" என்றார். அதற்குப் பிறகு என்னவோ சொன்னார். எனக்கு "முந்நூறு" மட்டும் விழுந்தது.

"கேக்கல அண்ணே! முந்நூறா?"

"முந்நூறு. ஓம். முந்நூறு!"

"சரி, சரி, வச்சிடுங்க!"

நோட்டில் 300 ஓம் என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டேன். எட்டாவது நாள் பெட்டி ஹம்பர்க் போய்ச் சேர்ந்து, திறந்து பார்க்காமலே மரப்பெட்டிக்குள் வைத்து ஆணி அடிக்கப்பட்டது. மேலே 300 என்று மட்டும் பெயிண்டில் எழுதியிருந்தேன். எனக்கு அன்றைக்கு இருந்த பெருமிதத்தைச் சொல்லி மாளாது.

நவம்பர் கடைசியில் அண்ணையின் கடிதம் வந்தது. எல்லாம் பத்திரமாக வந்துவிட்டது, கடைசி வாரம் சோதனை ஒலிபரப்பு, டிசம்பர் முதல் தேதியிலிருந்து அமைச்சரின் மாதக் கணக்கு. தீவில் இரவு எட்டு என்றால் எங்களுக்கு மாலை நான்கு. குளிர்காலத்தில் ஆஹெனில் நான்கரைக்கே இருட்டிவிடும். அப்படிப்பட்ட அந்தியில்தான் அந்த அலைவரிசை அவ்வளவு தூரம் வரும் என்று கண்டக்டர் சொன்னார். ஆய்வகத்துக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு அவருடைய சமையலறையில் போய் உட்கார்ந்தேன்.

நான்கு மணிக்கு, அப்பளம் பொரிகிற மாதிரியான இரைச்சலுக்கு அடியில், மேளச் சத்தம் எழுந்தது. கண்டக்டர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தேன். மூன்று நிமிடம் இருக்கும். மேளம் நின்றது. இரைச்சல் மட்டும். மூன்று நிமிடம் கழித்து ஆண் குரல் ஒன்று பேசியது, ஏழு நிமிடம். மறுபடி இல்லை. ஐந்து மணி வரை இதே கதை. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் அண்ணையின் தந்தி வந்தது. கருவி தானாக நின்று நின்று போகிறது, ஆன்டெனாவில் கோளாறா, உள்ளே எரிகிற வால்வுக் குழல்களில் கோளாறா தெரியவில்லை, நான்கு வால்வுகளில் இரண்டு எரிந்துவிட்டன, உடனே யோசனை சொல்லவும்.

மாதக் கணக்கு தொடங்க நான்கு நாள்தான் இருந்தது.

கண்டக்டரின் நோட்டை வாங்கிப் பார்த்தேன். டிராம் ஓட்டத்தில் வாழ்ந்த மனிதர், நிமிடம் பிசகாது. மேளம் அடித்தபோதெல்லாம் மூன்று நிமிடத்தில் நின்றிருந்தது. வெறும் பேச்சு ஏழு நிமிடம் தாங்கியிருந்தது. மூன்று நாளும் அதே கணக்கு. சத்தம் கூடக் கூடச் சீக்கிரம் விழுகிறது என்றால் சக்தி திரும்பி வந்து உதைக்கிறது. வால்வின்மேல் குற்றமில்லை. பொருத்தம் சரியில்லை.

"பொருத்துவது உங்கள் பெட்டிதானே?" என்றார் கண்டக்டர்.

"என் பெட்டியில் தப்பு இல்லை. அவர் தன் வாயாலேயே முந்நூறு ஓம் என்றார்" என்று சீறினேன்.

அவர் கோபப்படவில்லை. நோட்டில் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். "எழுதுங்கள். நீங்கள் புரிந்துகொண்டதை வேண்டாம். காதில் விழுந்ததை, விழுந்த வரிசையில்." நிலையங்களுக்குக் கடிதம் எழுதும்போது அவர் கடைப்பிடிக்கிற வழக்கம் அது. தனக்குத் தெரியாத மொழியில் கேட்டாலும் ஒலியை அப்படியே எழுதுவார்.

எரிச்சலோடுதான் எழுதினேன். கேக்கல அண்ணே. முந்நூறா. பிறகு அவர் சொன்னது. முந்நூறு. அங்கே ஒரு நிறுத்தம் இருந்தது, எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பிறகு, ஓம். பிறகு மறுபடி முந்நூறு.

பேனா அங்கேயே நின்றுவிட்டது. காபி சாப்பிடுறீங்களா, ஓம். ரொம்பக் குளிருதோ, ஓம். நீங்க என்ன ரெசிஸ்டரா?

அவர் எனக்கு அலகு சொல்லவே இல்லை. முந்நூறா என்று கேட்டேன், ஆமாம் என்றார், அவ்வளவுதான். முதல் நாளே கேலி செய்து சிரித்த சொல்லிலேயே நான் தலைகுப்புற விழுந்திருந்தேன். அப்படியானால் முந்நூறு எது? கம்பிக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளி! ஊரிலிருந்து ஓரடி என்று தந்தி வந்திருக்கும், ஜெர்மனியில் இருக்கிறோமே என்று மில்லிமீட்டராக மாற்றிச் சொல்லியிருப்பார். ஓரடி என்றே சொல்லியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். முந்நூறு மில்லிமீட்டர் இடைவெளி, வழக்கமான நான்கு மில்லிமீட்டர் கம்பி. அந்தப் பக்கத்திலேயே கணக்குப் போட்டேன். அறுநூறு ஓம் வந்தது. நான் கட்டியது பாதிக்கு. பெட்டியின் மேல் 300 என்று பார்த்தபோது, தான் சொன்ன இடைவெளியைத்தான் நான் எழுதியிருக்கிறேன் என்று அவரும் நம்பியிருப்பார்.

அழுகை வந்தது. கண்டக்டரின் முன்னால் வெட்கமில்லாமல் அழுதேன். இரண்டு வள்ளங்கள் கண்முன்னே நின்றன. நான் இங்கே கதகதப்பான சமையலறையில் உட்கார்ந்து மொழியைக் கேலி செய்துகொண்டிருக்க, அங்கே ஒரு மனிதர் என்னை நம்பி வால்வுகளை எரித்துக்கொண்டிருந்தார். மூடுவதற்குள் தபால் நிலையத்துக்கு ஓடினேன். தந்தியில் மிச்சம் பிடிக்கவில்லை, முழு வாக்கியங்களாகவே எழுதினேன். கம்பிப் பக்கத்துச் சுருளில் இருபத்தேழு சுற்று இருக்கிறது, இன்னும் பதினொன்று சேர்த்து முப்பத்தெட்டாக்குங்கள். வால்வுகளில் குறையில்லை. தவறு முழுக்க என்னுடையது.

இரண்டாம் நாள் பதில் வந்தது. இரண்டே ஆங்கில எழுத்து: OM. கொண்டுவந்து கொடுத்த தபால்காரர் ஏதோ மந்திரம் என்று நினைத்துப் பயபக்தியோடு நீட்டினார். நான் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவள். ஆனாலும் அன்றைக்கு அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

அன்று மாலை நான்கு மணிக்கு ஒன்றும் கேட்கவில்லை. சுற்றிக்கொண்டிருக்கிறார் என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம். மறுநாள் நவம்பர் முப்பது. மேளம் வந்தது. கண்டக்டர் டிராமில் நேரம் பார்க்கிற தன் கடிகாரத்தை மேசைமேல் வைத்தார். மூன்று நிமிடம் தாண்டியது. ஐந்து. பத்து. ஐந்து மணிக்கு நிலையம் தன் இஷ்டப்படி, மேளம் அடித்து, முறையாக விடைபெற்றுப் போனது. கண்டக்டர் எழுந்து போய் எனக்கு இன்னொரு காபி ஊற்றினார். பாலை மேசைமேல் சிந்தினார்.

டிசம்பர் முழுக்க நான்கு மணிக்கு நான் அங்கேதான். ஒரு சொல் புரியாத அந்தக் காற்று நிலவரத்தை, எங்கள் ஊர் தேவாலய அறிவிப்பைப்போலக் கவனமாகக் கேட்டேன். தபால் அதிபருக்கு ஜலதோஷம் பிடித்ததும் விட்டதும் எங்களுக்குத் தெரியும். ஒருநாள் தகரக் கூரையில் மழை பெய்தது. கண்டக்டர் இந்தமுறை அதை மழை என்றே எழுதினார்.

வருடத்தின் கடைசி நாள். தெருவில் பிள்ளைகள் அதற்குள்ளேயே வெடி போடத் தொடங்கியிருந்தார்கள். ஒவ்வொரு வெடிக்கும் கண்டக்டர் ஜன்னல் பக்கம் முறைத்தார். செய்தி வந்தது, காற்று நிலவரம் வந்தது, கடைசி மேளமும் வந்தது. வழக்கமாக அதோடு நிறுத்திவிடுவார்கள். அன்றைக்கு நிற்கவில்லை. யாரோ மைக்கின் பக்கத்தில் தொண்டையைச் செருமினார்கள். பிறகு ஒரு குரல், ரகசியம் சொல்கிறதுபோல, தமிழில் வந்தது.

"தங்கச்சி, எங்களை வைச்சிருக்கப் போகினமாம். இப்பத்தான் அமைச்சர் வந்து சொல்லிப்போட்டுப் போறார். கேக்குதோ?"

அவருக்கு என் குரல் போகாது. இது ஒருவழிப் பாதை என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? ஆனாலும் மேசைமேல் கையை ஊன்றி எழுந்து, வானொலிப் பெட்டியின் முகத்துக்கு நேராகக் குனிந்து, பாளையங்கோட்டையில் யாரும் சொல்லாத விதத்தில் உரக்கச் சொன்னேன்.

"ஓம் அண்ணை. ஓம்."

கண்டக்டர் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்தார். மூன்று வருடப் பழக்கத்தில் ஒருமுறைகூட ஜோக் அடித்திராத மனிதர், பேனாவை நோட்டில் ஊன்றியபடி, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எத்தனை?" என்றார்.

"அறுநூறு" என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.